‘மனசு வச்சா படிப்பான்’: கெட்டிக்காரத்தனமும் கற்றல் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்போது

அல்சூர் மெட்ரோ நிலையத்தின் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு என் அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "சித்தி, சென்னை மெட்ரோவுக்கு மேலே கம்பி போகுது, நம்ம மெட்ரோவுக்கு ஏன் இல்லை?" எனக்குத் தெரியவில்லை. அவனே சொன்னான். பெங்களூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுகிறது, அதில் 750 வோல்ட் டிசி மின்சாரம் வருகிறது, சென்னையில் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஏசி. அப்படியென்றால் சுரங்கத்துக்குள் அவ்வளவு கம்பியை எப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று பேச்சு அடுத்த ரயில் வரும்வரை போனது. அப்போது அவனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அதே வாரம் அவன் பள்ளி டைரியில் இருந்த குறிப்பு: கவனக்குறைவு அதிகம், எழுத்து வேலையை முடிப்பதில்லை, போர்டைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அக்கா, அத்தான், வகுப்பு மிஸ், டியூஷன் மிஸ் என்று எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்தான். "கெட்டிக்காரன். மனசு வச்சா படிப்பான்." பாராட்டு போலத் தொடங்கிக் குற்றச்சாட்டாக முடியும் வாக்கியம் இது. அறிவு இருக்கிறது, ஆகவே படிக்காததற்குச் சோம்பலோ திமிரோதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறது. வேறொரு காரணம் இருக்கலாம் என்று யோசிக்க அதில் இடமே இல்லை. எங்கள் வீட்டில் அந்த வேறு காரணத்துக்கு வந்துசேர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் பிள்ளை வாங்கிய திட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சிந்திக்கும் திறனில் தன் வயதைத் தாண்டி நிற்கும் குழந்தைக்கே வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ கவனத்திலோ உண்மையான, பிறவியிலேயே வந்த சிக்கல் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட குழந்தைகளை ஆங்கிலத்தில் ‘ட்வைஸ் எக்செப்ஷனல்’ என்கிறார்கள், சுருக்கமாக ‘டூ-இ’. தமிழில் இன்னும் நிலைத்த சொல் இல்லை. இரட்டைத் தனித்தன்மை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். டிஸ்லெக்ஸியா (வாசிப்புச் சிக்கல்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிக்கல்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிக்கல்), ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத சிக்கல்), ஆட்டிசம் ஆகியவற்றில் எதுவும் இந்தக் கூட்டணியில் இருக்கலாம். நான் இங்கே அதிகம் பேசப்போவது வாசிப்பும் எழுத்தும் பற்றி. நாங்கள் கிட்டத்தில் இருந்து பார்த்தது அதைத்தான்.

இது இந்தக் காலத்துப் பெற்றோர் கண்டுபிடித்த சாக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 1896-ஆம் ஆண்டுக்குப் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஏழு வயதிலிருந்தே பள்ளியும் தனி ஆசிரியர்களுமாக அவனுக்குப் பாடம் நடந்திருக்கிறது. ஆனாலும் சின்னச் சின்னச் சொற்களுக்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெசி’ என்று எழுதிவிட்டு, அதில் தவறு இருப்பதே தெரியாமல் இருந்தான். 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது சட்டென்று சரியாகப் போட்டான். ‘ஏழு’ என்று எழுத்தில் இருந்தால் படிக்க வராது, 7 என்ற எண்ணாக இருந்தால் வரும். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மோர்கன் பதிவு செய்திருக்கிறார். பிறவியிலேயே வரும் டிஸ்லெக்ஸியாவைப் பற்றிய ஆரம்பகால மருத்துவக் குறிப்பே, பார்க்கப்போனால், ஒரு கெட்டிக்காரப் பையனைப் பற்றியதுதான்.

அறிவும் வாசிப்பும் ஒன்றாகவே வளரும் என்று நமக்கு ஏன் தோன்றுகிறது என்றால், பெரும்பாலான குழந்தைகளிடம் அப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குழந்தைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவை யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2010-இல் வெளியிட்டது. வழக்கமாக வாசிக்கும் குழந்தைகளிடம் ஐக்யூவும் (அறிவுத்திறன் அளவெண்) வாசிப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன. டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளிடம் அந்தக் கயிறு அறுந்திருந்தது, அறிவு ஒரு பாதையிலும் வாசிப்பு வேறொரு பாதையிலும் போயின. காரணம் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. காதில் விழும் சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எழுத்தோடு கோத்து, பிறகு யோசிக்காமலே அது வரும்படி பழக வேண்டும். மூளையின் அந்த ஒரு வேலைதான் இங்கே தடுமாறுகிறது. தர்க்கம், கற்பனை, சொல்வளம் எல்லாம் வேறு இடத்தில் நன்றாகவே இருக்கின்றன.

சரி, அப்படியானால் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? ஒன்று மற்றொன்றை மூடிவிடுகிறது. என் அக்கா மகனின் கதையையே சொல்கிறேன். இரண்டாம் வகுப்புவரை அவன் நன்றாகப் படிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தினமும் சாயங்காலம் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், ஆங்கிலக் கதைப் புத்தகத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவான். ஒருநாள் அம்மா தெரியாமல் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். அவன் விட்டுப்போன பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனான். வகுப்பில் மிஸ் ஒருமுறை படித்ததைக் கேட்டே முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருந்தான், படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். வாசிக்கத் தெரியாததை மறைக்க ஏழு வயதுக் குழந்தை எவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறது!

இந்த உத்தி மூன்றாம், நான்காம் வகுப்பில் உடைந்துவிடும். அதுவரை பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதன்பிறகு, கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் படம் குறைகிறது, வரிகள் கூடுகின்றன, சமூக அறிவியல் பாடத்தில் இதுவரை கேட்டிராத சொற்கள் வருகின்றன. மனப்பாடம் எட்டாத தூரம் அது. சில பிள்ளைகளுக்கு இந்த உடைவு எட்டாம் வகுப்பிலோ கல்லூரியிலோகூட வரும். ‘நேற்றுவரை நல்லாத்தானே படிச்சான், இப்போ செல்போன் பார்த்துக் கெட்டுப்போயிட்டான்’ என்று காரணம் தேடுவோம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அறிவுத்திறன் மிகுந்தவர்களுக்கும் கற்றல் குறைபாடு இருக்கலாம், மாற்று உத்திகளாலும் அசாத்திய உழைப்பாலும் சமாளித்துக்கொண்டிருப்பார்கள், பாடத்தின் சுமையோ, நேரம் குறித்து வைக்கும் தேர்வோ குறுக்கே வரும்போதுதான் அது வெளியே தெரியும்.

மூடுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. சிக்கல் பெரிதாகத் தெரிந்தால் திறமை கண்ணுக்குப் படாமல் போய், பிள்ளை ‘வீக் ஸ்டூடன்ட்’ பெஞ்சுக்குப் போய்விடும். திறமை பெரிதாகத் தெரிந்தால் சிக்கல் சோம்பலாகத் தெரியும். எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது வகை. திறமையும் சிக்கலும் ஒன்றையொன்று சரிக்கட்டி, பிள்ளை அறுபது மதிப்பெண் வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். யாரும் திட்ட மாட்டார்கள், யாரும் பாராட்டவும் மாட்டார்கள். அந்த அறுபதுக்காக அது பக்கத்து இருக்கைப் பிள்ளையைவிட மூன்று மடங்கு உழைத்திருக்கும். பெண் பிள்ளைகள் இந்த வகையில் சுலபமாக விழுந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். நோட்டை அழகாக வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் இரவு பதினொன்று வரை உட்கார்ந்து எழுதும் பெண்ணைப் பற்றி எந்த ஆசிரியரும் வீட்டுக்குத் தகவல் அனுப்பப் போவதில்லை.

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு திரை உண்டு. அது மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவிலும் கடையிலும் கன்னடம், பாடத்திட்டத்தில் கன்னடத்தோடு பல பள்ளிகளில் இந்தியும். கர்நாடகம் 2015-இல் கொண்டுவந்த கன்னட மொழி கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. வாழும் ஊரின் மொழியைப் பிள்ளை கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பிள்ளை வாசிப்பில் திணறும்போது, ‘வீட்டில் தமிழ் பேசுறீங்க இல்லையா, அதான்’ என்று பள்ளியும் சொல்லிவிடும், நாமும் ஒப்புக்கொண்டுவிடுவோம். எங்கள் வீட்டில் ஒரு முழு வருடம் இந்த ஒரு பதிலிலேயே போனது. வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று ஆலோசனை வேறு. அக்கா பேசிப் பார்த்தாள். பாட்டியோடு பிள்ளை பேசுவது குறைந்ததுதான் மிச்சம்.

பல மொழி பேசுவதால் டிஸ்லெக்ஸியா வராது. ஆனால் ஒவ்வொரு எழுத்துமுறையிலும் அது வேறு முகம் காட்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு தாறுமாறு. ஆகவே அங்கே பிழையாக வெளிப்படும், முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பதாக வெளிப்படும். தமிழும் கன்னடமும் பெரும்பாலும் எழுதியபடி படிக்கும் மொழிகள். அங்கே பிழை குறைவாகவும் வேகம் மிகக் குறைவாகவும் இருக்கும். கன்னடத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் இரண்டாவது மெய்க்கான ஒத்தெழுத்து முதல் எழுத்துக்குக் கீழே போகும். பெங்களூரில் ஆய்வு செய்த சோனாலி நாக், கன்னடம் படிக்கும் சாதாரணக் குழந்தைகளுக்கே எழுத்துகள் முழுதும் பிடிபட நான்காம் வகுப்பு வரைக்கும் ஆகிறது என்று 2007-இல் காட்டினார். அப்படியிருக்க, இரண்டாம் வகுப்பிலேயே ‘இன்னும் எழுத்து வரவில்லையா’ என்று எந்தப் பிள்ளையையும் மிரட்டக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு வந்துசேர்ந்த பிறகும் வராத பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடாது.

தமிழின் தனிக் கஷ்டங்களும் உண்டு. ‘கொ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில் வருகிறது, ‘ஒ’ பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால், ‘க’ நடுவில், கால் பின்னால். வரிசையைப் பிடித்துவைக்கத் திணறும் குழந்தைக்கு இது லேசான விஷயம் இல்லை. ‘கண்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ஒரே ‘க’, ஒலி மூன்று விதம். ல, ள, ழ, ந, ன, ண, ர, ற என்று காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் விழும் எழுத்துகள் வேறு. எழுத்தில் ‘இருக்கிறது’, வாயில் ‘இருக்கு’. இதையெல்லாம் வைத்துத்தான் எங்களுக்கு முதல் துப்பே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார். அவன் தமிழை ஒவ்வொரு எழுத்தாக, மிக மெதுவாக, ஆனால் கிட்டத்தட்டச் சரியாகப் படித்தான். ஆங்கிலத்தை வேகமாக, பாதி ஊகித்துப் படித்தான். "இவனுக்கு மொழி தெரியாம இல்லை, எழுத்து ஓட மாட்டேங்குது" என்றார் அம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். மிஸ்ஸும் நாங்களும் இரண்டு வருடம் தடவிக்கொண்டிருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதனால், பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பிள்ளைக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் கொண்டுவந்த ‘டாலி’ என்ற சோதனைக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இந்த நோக்கத்தோடுதான் வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், மொழிப் பழக்கம் எவ்வளவு, குறைபாடு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும்.

அப்புறம் ஐக்யூ. இங்கேதான் இந்தக் குழந்தைகள் இரண்டாம் முறை தொலைந்துபோகிறார்கள். இப்போது பரவலாக இருக்கும் வெக்ஸ்லர் சோதனை, சொல்லறிவு, காட்சி-வெளித் திறன், தர்க்கம், நினைவில் வைத்து வேலைசெய்யும் திறன், வேகம் என்று ஐந்தைத் தனித்தனியாக அளக்கிறது. நூறு என்பது நடு. 130-க்கு மேல் வருபவர்கள் நூற்றில் இரண்டு பேர்தான். பேச்சுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சொல்லறிவு 138, தர்க்கம் 132, காட்சித் திறன் 127, நினைவு 97, வேகம் 83. கூட்டி ஐந்தால் வகுத்தால் 115 சொச்சம். உண்மையான கணக்கு முறை கொஞ்சம் வேறு, ஆனால் நடப்பது இதேதான். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு, ‘சராசரிக்குக் கொஞ்சம் மேல், கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பார்கள். நூற்று முப்பத்தெட்டின் உயரமும் எண்பத்து மூன்றின் பள்ளமும் அந்த எண்ணுக்குள் புதைந்துவிடும். இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது மொத்த ஐக்யூவை நம்பக் கூடாது என்று நல்ல உளவியலாளர்களுக்குத் தெரியும். நினைவையும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டுச் சிந்தனைத் திறனை மட்டும் கணக்கிட ‘ஜெனரல் எபிலிட்டி இன்டெக்ஸ்’ என்று ஒரு தனி அளவே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் துணை மதிப்பெண்களை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

சட்டப் பக்கத்துக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக்கி, டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா, டிஸ்பிராக்ஸியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல்) போன்றவற்றைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பெயரில் சேர்த்தது. அதன் 16-ஆம் பிரிவு, இவற்றைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்துத் தக்க கற்பித்தல் வழிகளைக் கையாள்வதைக் கல்வி நிறுவனங்களின் கடமை ஆக்குகிறது. ஆட்டிசம் தனியாகப் பட்டியலில் உண்டு, ஏடிஹெச்டி இல்லை. 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், சோதனைக்கு நம் ஊர் நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) உருவாக்கிய தொகுப்பைத்தான் பயன்படுத்தச் சொன்னது. எட்டு வயதில் சான்றிதழ் வாங்கலாம், 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூர்க்காரர்களுக்கு உண்மையிலேயே பெரிய வசதி. வேறு ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து அங்கே காத்திருக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சோதனையின் வழக்கமான கணக்கு, பிள்ளை தன் வகுப்புக்கு இரண்டு வகுப்பு பின்தங்கியிருக்கிறதா என்பது. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைபோல் யோசித்து, நான்காம் வகுப்புப் பிள்ளைபோல் வாசிக்கும் குழந்தை இந்தக் கணக்கில் தேறிவிடும். ஒரு வகுப்புதானே பின்தங்கல்! அதன் மனதுக்குள் ஐந்து வகுப்புத் தூரம் இருப்பதை யாரும் அளக்கவில்லை. எதிர்ப்பக்கக் கதவும் இதேபோல் மூடித்தான் இருக்கிறது. திறமைசாலிப் பிள்ளைகளுக்கான ஒலிம்பியாட், திறனறித் தேர்வு, கோடை முகாம் எல்லாவற்றுக்கும் நுழைவு, நேரம் குறித்த எழுத்துத் தேர்வு அல்லது பள்ளி மதிப்பெண். சான்றிதழ் வேண்டுமென்றால் போதுமான அளவு தோற்க வேண்டும், வாய்ப்பு வேண்டுமென்றால் போதுமான அளவு ஜெயிக்க வேண்டும். இரண்டையும் பாதிப் பாதி செய்யும் பிள்ளைக்கு எந்தக் கதவும் இல்லை. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைப் படித்துப் பார்த்தபோதும் எனக்கு இது உறைத்தது. தனித் திறமை உள்ள மாணவர்களைப் பற்றி நான்காம் அத்தியாயத்தில் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாட்டைப் பற்றி ஆறாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே பிள்ளையாக இருக்கலாம் என்ற இடத்தில் இரண்டு அத்தியாயமும் சந்திக்கவில்லை. பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனம் திறன்மிகு குழந்தைகளை அடையாளம் காண்பது பற்றிப் பல வருடங்களாக ஆய்வு செய்கிறது. நகரின் இன்னொரு பக்கம் நிம்ஹான்ஸ். இந்த இரண்டு அறிவும் ஒரு சாதாரணப் பள்ளியின் ஆசிரியர் அறையில் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சான்றிதழ் கிடைத்தால் என்ன கிடைக்கும்? சிபிஎஸ்இ தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், எழுதிக்கொடுக்க ஆள், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. மற்ற வாரியங்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உயர்கல்வியில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் 5 சதவீத இடம். நம் குடும்பங்களில் இதைச் ‘சலுகை’ என்ற சொல்லோடுதான் பேசுகிறோம், பேசியவுடன் குரல் தாழ்கிறது. ‘சர்ட்டிஃபிகேட் வாங்கினா நாளைக்குக் கல்யாணத்துக்குப் பிரச்சினை ஆகும்’ என்று ஒரு பெரியம்மா அக்காவிடம் சொன்னார். கண்ணாடி போட்டுத் தேர்வு எழுதுவதை நாம் சலுகை என்பதில்லை. கூடுதல் நேரம், யோசித்ததைத் தாளுக்குக் கொண்டுவர அந்தக் கைக்குத் தேவைப்படும் நேரம். அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஐன்ஸ்டைனுக்கும் டிஸ்லெக்ஸியா என்பார்கள். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. நம் ஆட்கள் கணித மேதை ராமானுஜனைச் சேர்த்துக்கொள்வார்கள். கும்பகோணத்தில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பிறகும் எஃப்.ஏ. என்ற கல்லூரியின் முதல்கட்டத் தேர்வில் தேறவில்லை, இதெல்லாம் உண்மை. அதை வைத்து அவருக்கு ஒரு குறைபாட்டை எழுதிவைப்பது நியாயம் இல்லை. எல்லாப் பாடத்திலும் சமமாக நில் என்று கேட்கும் முறை யாரை வெளியே தள்ளும் என்பதற்கு மட்டும் அவர் சாட்சி. தாங்களே வெளிப்படையாகச் சொன்னவர்களின் கதை போதும். 2009-இல் மருத்துவ நோபல் பெற்ற கேரல் கிரைடர், சிறுவயதில் எழுத்துக்கூட்டத் தனிப் பயிற்சிக்குப் போனபோது தன்னை மக்கு என்றே நினைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது பொது நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைவு, அதனால் இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்கள்தான் அவரை ஏற்றன. அதில் ஒன்றான பெர்க்லியில் மாணவியாக இருந்தபோதுதான் நோபல் வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பே நடந்தது. 2017-இல் வேதியியல் நோபல் பெற்ற ஜாக் டூபோஷே, ஸ்விட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் முதல் அதிகாரபூர்வ டிஸ்லெக்ஸியாக்காரர் தான்தான் என்று தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

என்ன செய்வது என்பதில் வீடுகளும் பள்ளிகளும் அதிகம் தவறும் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். ‘முதலில் ஸ்பெல்லிங் சரியாகட்டும், அப்புறம் ரோபோ கிளாஸ்’ என்று திறமையைப் பரிசாக வைப்பது. எங்கள் வீட்டிலும் நடந்தது. பிள்ளையின் நாள் முழுவதும் அதற்கு வராத வேலையால் நிறைந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றுவலி. இரட்டைத் தனித்தன்மைக் குழந்தைகளோடு 1980-களிலிருந்தே வேலை செய்துவரும் சூசன் பாம் போன்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்கிறார்கள்: திறமைக்குத் தீனி முதலில், நிபந்தனை இல்லாமல், குறைபாட்டுக்கான பயிற்சி அதோடு சேர்ந்து. பயிற்சி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ஒலியையும் எழுத்தையும் ஒழுங்கான வரிசையில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, வாரத்தில் சில நாள், வருடக்கணக்கில் நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்பது வயதில் மின்சுற்றைப் பற்றி யோசிக்கும் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளைக்கான வாசகத்தைப் படிக்க முடிந்த பிறகுதான் மின்சுற்றைத் தொடலாம் என்றால் எப்படி? காதால் படிக்கட்டும். போனே இப்போது பாடத்தை வாசித்துக் காட்டும். வாயால் எழுதட்டும், விசைப்பலகையில் தட்டட்டும். கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் என்ஜின் கூடத்தில் அவனை விட்டால் இரண்டு மணி நேரத்துக்கு யாரும் அவனைக் ‘கவனக்குறைவு’ என்று சொல்ல முடியாது. நேரு கோளரங்கம், இந்திய அறிவியல் கழகம் வருடத்துக்கு ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள், இவற்றுக்கெல்லாம் நுழைவுத் தேர்வு கிடையாது.

இவ்வளவும் எங்களுக்கு முடிந்தது, ஏனென்றால் அக்காவுக்கும் அத்தானுக்கும் சம்பளம் வருகிறது, லீவு போட முடிகிறது, பக்கத்தில் பாட்டி இருக்கிறார். அல்சூரிலேயே நாலு தெரு தள்ளி, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஒரு குழந்தை பழுதான மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்யும், பாடத்தைப் படிக்க வராது. ‘வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை’ என்ற விளக்கம் கையோடு தயாராக இருப்பதால் அந்தப் பிள்ளையை யாரும் எந்தச் சோதனைக்கும் அனுப்ப மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். கெட்டிக்கார மெக்கானிக் என்று பெயர் வாங்கும். அந்தப் பெயர் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. படிப்பையும் பட்டறையையும் ஒப்பிட்டு அது தானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் வேறு விஷயம். அதற்கு யாரும் அந்தத் தேர்வைக் கொடுக்கவே இல்லை.

என் அக்கா மகனுக்கு இப்போது பதினொரு வயது. பழைய பள்ளியை மாற்றியாகிவிட்டது. புதிய இடத்தில் அறிவியல் தேர்வை வாயால் சொல்ல விடுகிறார்கள். மூன்று வருடத்தில் சான்றிதழுக்கு மறுபடி சோதனை இருக்கிறது, கோப்பு பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ‘மெட்ரோ நோட்டு’ என்று வேறு உருவம் எடுத்துவிட்டது. அவன் சொல்லச் சொல்லப் பாட்டி தமிழில் எழுதுவார். போன வாரம் மூன்றாவது தண்டவாளத்தைப் பற்றி நாலு பக்கம் ஓடியது. கடைசி ஐந்து வரி அவனே எழுதியிருந்தான். ‘இருகிறது’ என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. அம்மா அதைத் திருத்தவில்லை. கீழே ஒரு வரி விட்டுத் தன் கையெழுத்தில் ஒரு கேள்வியை எழுதி அவனிடமே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்: ‘அப்போ மழை பெய்தால் என்ன செய்வார்கள்?’